மூன்றாவதற்கு ஏழு நாள்

கண்ணாடிக்கடை அம்மாவுக்கு அன்று காலையிலிருந்து ஒரு வேலையும் கையில் படியவில்லை. மூக்குத் தாங்கி மாற்றுகிற சுண்டைக்காய் வேலைக்கு மூன்று தடவை திருகாணியைக் கீழே போட்டுவிட்டு மேசைக்கடியில் தவழ்ந்து தேடினாள். அது போதாதென்று, ஒரு வாத்தியாரின் வலது கண் பவரை இடது லென்ஸிலும் இடது கண் பவரை வலது லென்ஸிலும் அரைத்துக் கொடுத்துவிட்டாள். மனிதர் கண்ணாடியைப் போட்டதும் வாசற்படி எது, தெரு எது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருஷமாக அந்தக் கடையில் லென்ஸ் அரைக்கிறவள் செய்கிற தப்பா இது?

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று முதலாளி கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல சார். வீட்டுக்காரருக்கு ஞானம் வந்திருக்கு" என்றாள்.

முதலாளி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமாக இருந்தால்தானே! அவளுடைய கைப்பையில் ஒரு தாள் நான்காக மடிந்து கிடந்தது. 'என் கணவர் இல்லறக் கடமைகள் யாவற்றையும் குறைவின்றி நிறைவேற்றிவிட்டார். அவர் ஆசிரமத்தில் நிரந்தரமாகச் சேர்வதற்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்து, அடியில் மனைவி கையெழுத்துப் போடக் கோடு விட்டிருந்தார்கள். அந்தக் கோடுதான் நாலு நாளாக அவள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டால் புருஷன் போய்விடுவார். திரும்ப வரமாட்டார்.

புருஷனைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு இந்தக் கூத்து விளங்காது. அவருக்கு டைம்டேபிள் என்று பட்டப்பெயர். பஸ் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் டூட்டி சார்ட் போட்டவர். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எங்கே டீ குடிக்க வேண்டும், எத்தனை நிமிஷம் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் போட்ட கட்டத்துக்குள் அடக்கம். நல்ல மனிதர்தான். பொய் கிடையாது, குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் கட்டம் போடாமல் அவருக்கு மூச்சுகூட வராது.

கல்யாணமான புதிதில் ஒரு சொற்பொழிவுக்குப் போய்விட்டு வந்தார். மனுஷப் பிறவிக்கு உறுதிப்பொருள் நான்கு. அறம், பொருள், இன்பம், வீடு. பேசினவர் பாவம், நல்லபடியாகத்தான் பேசியிருப்பார். கேட்டவர் யார் என்று அவருக்குத் தெரியுமா? டைம்டேபிள் நேரே வீட்டுக்கு வந்து ஸ்கேலை எடுத்தார். நாலு கட்டம் போட்டார். நாற்பது வயசு வரைக்கும் அறம். ஐம்பத்தெட்டு வரைக்கும் பொருள். அறுபத்துமூன்று வரைக்கும் இன்பம். அதற்கப்புறம் வீடு, அதாவது மோட்சம். ஒரு டிரைவர் இறங்கினால்தான் அடுத்த டிரைவர் ஏறுவான் என்கிற கணக்கு. அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். புதுப்பெண்டாட்டி அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

அறம் நடந்த காலத்தில் மாமனார் படுத்த படுக்கையாக ஒன்பது வருஷம் கிடந்தார். படுக்கைத் துணி துவைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாத்தனார் கல்யாணத்துக்கும் அவள் பிரசவங்களுக்கும் இதே கைகள்தான் ஓடின. பொருள் நடந்த காலத்தில் அவர் ஓவர்டைம் பார்த்தார். இவள் லென்ஸ் அரைத்தாள். ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார்கள். நடுநடுவே இவளும் வாயைத் திறந்து கேட்டுத்தான் பார்த்தாள். ஒரு தடவை கடல் பார்க்கலாமா என்றாள். பாட்டு கற்றுக்கொள்ளட்டுமா என்றாள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சும்மா வெளியே போய்விட்டு வரலாமா என்றாள்.

"அது மூணாவதுல வருது" என்பார் டைம்டேபிள்.

கோபமாகச் சொன்னால்கூடச் சண்டை போடலாம். ஆசையாகச் சொல்வார். அங்கே போனதும் எல்லாம் சேர்த்துவைத்துச் செய்யலாம் என்பார். இவளும் நம்பினாள். பெண் ஜென்மம் எதைத்தான் நம்பாது?

போன வருஷக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். முதல் மாதம் தூங்கினார். இரண்டாம் மாதம் வீட்டிலுள்ள மின்விசிறிகளையெல்லாம் கழற்றித் துடைத்தார். மூன்றாம் மாதம் ஓர் ஆசிரமத்தில் நடந்த பத்து நாள் தியான முகாமுக்குப் போய்விட்டு, முகமெல்லாம் பளபளவென்று திரும்பிவந்து, சாப்பாட்டு மேசையில் இந்தத் தாளை வைத்தார்.

"மூணாவது?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"மூணாவது அவ்வளவு முக்கியமில்ல. அது கேட்டா நிக்கிற ஸ்டாப். ஏறவும் ஆள் இல்ல, இறங்கவும் ஆள் இல்லைன்னா வண்டி நேரா போயிடலாம். எங்க ரூல்லயே இருக்கு."

"ஆள் இல்லையா? முப்பத்தொரு வருஷமா நான் நிக்கிறேனே, நான் என்ன விளக்குக் கம்பமா?"

டைம்டேபிள் கண்ணை மூடிக்கொண்டார். முகாமில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் போல. பெண்டாட்டி பேச ஆரம்பித்தால் மூச்சைக் கவனி என்று.

அடுத்த நாலு நாளும் அவளுக்கு இரண்டு பக்கமும் இடி. நாத்தனார் வந்தாள். அண்ணன் காலில் விழுந்து எழுந்து, "அண்ணி, நீங்க குடுத்து வெச்சவங்க. எல்லாருக்கும் இப்படி ஒரு புருஷன் அமையுமா?" என்றாள்.

"அமைஞ்சவரைத்தானே அனுப்பச் சொல்றீங்க?" என்றாள் இவள். நாத்தனாருக்குக் காது கேட்கவில்லை.

மகள் போனில் வேறு பாட்டுப் பாடினாள். "அம்மா, அப்பா வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு கேக்குறாரு. எதுக்குத் தடையா நிக்கிற? நீ வந்து எங்களோட இரு. குழந்தையைப் பாத்துக்க ஆள் கிடைக்காம நானும் தவிக்கிறேன்."

பார்த்தீர்களா! அவருக்கு மோட்சம், இவளுக்கு மறுபடியும் முதல் கட்டம். கண்ணாடிக்கடை அம்மா போனை வைத்துவிட்டுக் குழாயடியில் நின்று பாத்திரங்களைத் தேய்த்த வேகத்தில் ஒரு கரண்டியின் காம்பே வளைந்துபோனது.

கடைசியில் ஆசிரமத்துக்கே போன் போட்டாள். எடுத்தது மேலாளர், ஒரு நடுத்தர வயது அம்மாள். "கையெழுத்து இல்லாம நாங்க சேர்த்துக்க மாட்டோம்மா. வீட்டுல அரைமனசா அனுப்பி வெச்சவங்க இங்க கண்ணை மூடி உட்கார்ந்து வீட்டையேதான் பார்த்துக்கிட்டிருக்காங்க. உங்களுக்கு இஷ்டமில்லைன்னா போடாதீங்க" என்றாள். இந்த விவகாரத்தில் அவளுடைய இஷ்டம் என்று ஒன்று இருப்பதாக நினைத்தது, முகம் தெரியாத அந்த ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, கண்மூடி உட்கார்ந்திருந்த டைம்டேபிள் முன்னால் போய் நின்றாள்.

"நாலுல மூணாவதா அதை வெச்சவங்க என்ன முட்டாளா? வேண்டாத சாமானா இருந்தா அதை விட்டுட்டு மொத்தமே மூணுன்னு சொல்லியிருப்பாங்கல்ல? 'குறைவின்றி நிறைவேற்றிவிட்டார்'னு இதுல எழுதியிருக்கு. பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன். மூணாவதை முடிச்சுட்டுப் போங்க."

டைம்டேபிள் கண்ணைத் திறந்தார். யோசித்தார். பிறகு அவர் செய்ததை யாரிடம் சொல்லி அழுவது? எழுந்து போய் ஸ்கேலை எடுத்துவந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பதினொன்னு நாப்பதுக்கு எனக்கு வண்டி. திங்கள்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் ஏழு நாள் இருக்கு. அஞ்சு வருஷத்தை ஏழு நாள்ல சுருக்கிடலாம். முடிச்சதும் போட்டுடுவியா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சரி என்றாள். பட்டினி கிடக்கிறவளுக்குப் பழைய சோறானால் என்ன?

திங்கள்: பூங்கா, 5.00 முதல் 6.15. அவர் நாலடி முன்னால் நடந்தார். இவள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மூன்று சுற்று வந்தாள். செவ்வாய்: சினிமா. கதாநாயகி ஆற்றங்கரையில் உடைந்து அழுகிற நேரத்தில், இவள் கண்ணைத் துடைக்க முந்தானையைத் தேடுகிறபோது, டைம்டேபிள் காதருகே குனிந்து, "இன்னும் பதினோரு நிமிஷம்தான்" என்றார். புதன்: ஹோட்டல். இவள் மெனு அட்டையைத் திறப்பதற்குள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்துவிட்டார். சீக்கிரம் வருவது எது என்று பரிமாறுகிறவரிடம் விசாரித்து, அதையே சொன்னார்.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சந்தோஷமா இருந்தியா?" என்று கேட்பார். அவள் "ம்" என்பாள். டிக் போடுவார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இந்த மனுஷனுக்குள் ஒன்றுமே இல்லை, இத்தனை வருஷமாக வெறும் சட்டியைத்தான் சுரண்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று புதன்கிழமை அவள் முடிவு கட்டிவிட்டாள். கையெழுத்தைப் போட்டுத் தொலைத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

வியாழக்கிழமைக் கட்டத்தில் 'மனைவி விருப்பம், 4.00 முதல் 5.30' என்று எழுதியிருந்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு அவர் கடை வாசலில் நின்றார்.

"சொல்லு. எங்க போகணும்?"

அவள் தெருவில் இறங்கி நடந்தாள். அவரும் வந்தார். எங்கே போகணும்? கடல் ஒரு ராத்திரிப் பயணம். அதுவுமில்லாமல், கடலைக் கேட்டது இருபத்துமூன்று வயசுப் பெண். பாட்டு கேட்டவளுக்குத் தொண்டை இருந்தது. இப்போது இருக்கிறவளுக்கு முட்டிவலிதான் இருக்கிறது. துணிக்கடை, பாத்திரக்கடை, பழக்கடை எல்லாம் தாண்டினாள். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இதுவா, இதுவா என்று தனக்குள் கேட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கும் உள்ளேயிருந்து பதில் வரவில்லை. கால் மணி நேரம் போனது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரம் போய்க்கிட்டிருக்கு. ஏதாவது ஒண்ணு சொல்லேன்."

"எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலங்க! போதுமா?" என்று நடுத்தெருவில் கத்திவிட்டாள். பழம் வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "மூணாவது, மூணாவதுன்னு தள்ளித் தள்ளி, ஆசைப்படுறதே எப்படின்னு மறந்துபோச்சு. அதுக்கும் ஒரு டிக் போட்டுக்குங்க!"

கண்ணீர் பொலபொலவென்று வந்தது. பக்கத்திலிருந்த பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டைம்டேபிள் என்ன செய்வதென்று தெரியாமல் எதிரே நின்றார்.

"உட்காருங்களேன்."

"எந்த வண்டிக்கு?"

"ஒரு வண்டிக்கும் இல்ல. சும்மா உட்காருங்க."

பெஞ்சின் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தார். முப்பத்துநாலு வருஷம் பஸ்ஸோடு கிடந்த மனிதர், ஏறுகிற எண்ணமில்லாமல் ஒரு ஸ்டாப்பில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது.

"பன்னெண்டாம் நம்பர். ஏழு நிமிஷம் லேட்டு" என்று அவர் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. பிறகு குனிந்து டிரைவர் பக்கம் பார்த்தார். "அட, குறட்டை!"

"யாரு?"

"குறட்டைன்னு பேரு. டெர்மினஸ்ல ரெண்டு நிமிஷம் கிடைச்சாலும் தூங்கிடுவான். ஒரு தடவை ஜனங்க எழுப்பிப் பார்த்து முடியாம, ஒரு கிழவி கண்டக்டர் விசிலைப் பிடுங்கி அவன் காதுலயே ஊதிட்டா. முழிச்சவன் பயத்துல வண்டியை எடுத்துட்டான். கண்டக்டர் கீழ நிக்கிறான்!"

அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவருக்கும் வந்தது. அடுத்த வண்டி வந்தது; அதற்கு ஒரு கதை. அதற்கடுத்த வண்டிக்கு ஒன்று. மனிதர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கையை ஆட்டி, டிரைவர்களைப் போலவே குரல் மாற்றிப் பேசினார். இப்படிப் பேசுவார் என்று யார் கண்டது?

முப்பதாம் நம்பர் வந்தபோது குரல் இறங்கியது. "இந்த ரூட்ல ஒருத்தன் ஓட்டிக்கிட்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில எட்டு மாசம் இருந்தா. ரூட்டு அந்த ஜன்னலுக்குக் கீழதான் போகும். ஜன்னலுக்கு நேரா வந்ததும் ரெண்டு தடவை ஹாரன் அடிப்பான். நான் வந்துட்டேன்னு அர்த்தம். ரூட்டு மாத்திப் போடணும்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நான் எட்டு மாசமும் அவனை மாத்தவே இல்ல. கேட்டப்போ, வேற ஆள் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"அந்தப் பொண்ணு?"

"பிழைச்சுட்டா. இப்போ பேரன் இருக்கான்."

"ஏங்க, இதையெல்லாம் என்கிட்ட ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"நேரம் எங்க இருந்துச்சு?" என்றார். அது சாக்குப்போக்கில்லை. நிஜமாகவே அவருக்கு அந்த ஒரு பதில்தான் தெரிந்திருந்தது.

அவளுக்குச் சந்தோஷமும் எரிச்சலும் ஒன்றாகப் பொங்கின. யாரோ ஒருத்தி ஜன்னல் பக்கம் பஸ் போக வேண்டும் என்று எட்டு மாசம் பொய் சொன்ன மனுஷன், சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கத் தெரியாமல் இருந்திருக்கிறார். திட்டவா, கட்டிக்கொள்ளவா? இரண்டும் நடுத்தெருவில் முடியாது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோதுதான் இருவரும் எழுந்தார்கள். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து டிக் போட அவர் மறந்துபோனார்.

வெள்ளிக்கிழமைக் கட்டமும் நாலு மணிக்குத்தான். மூன்றரைக்கே கண்ணாடிக்கடை அம்மா முகம் கழுவித் தலையை வாரிவிட்டுக் கடை வாசலில் வந்து நின்றாள். நாலு ஆனது. நாலரை ஆனது. போன் அடித்தாள், எடுக்கவில்லை. ஐந்து மணிக்கு மறுபடி உள்ளே போய், வராத ஆளுக்காக வாரிய தலையைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்பினாள். வீட்டில் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்மூடி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டாள். அசையவில்லை. சனிக்கிழமையும் அதே கதை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாரே தவிர, போட்டவள் முகத்தைப் பார்க்கவில்லை. வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தே முக்காலுக்கு அவர் பை வாசலில் இருந்தது. மேசையில் சம்மதக் கடிதமும் பேனாவும். பக்கத்தில் அந்த ஏழு நாள் கட்டம். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. வெள்ளிக்கும் டிக். சனிக்கும் டிக்.

"இது என்ன?"

அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஓடாத வண்டியை ஓடினதா எழுதியிருக்கீங்களே. முப்பத்துநாலு வருஷ சர்வீஸ்ல ஒரு நாள் இதைப் பண்ணியிருப்பீங்களா? பண்ணினவனைச் சும்மா விட்டிருப்பீங்களா? என்கிட்ட மட்டும் எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், இதற்கு மேல் இந்தக் கல்லோடு முட்டிக்கொள்ளத் தெம்பில்லை என்று அவளுக்குப் புரிந்துபோனது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "போங்க. நல்லா இருங்க" என்று பேனாவைத் திறந்து தாளைத் தன் பக்கம் இழுத்தாள். கண்ணில் நீர் முட்டி அந்தக் கோடு இரண்டாகத் தெரிந்தது. எது நிஜக் கோடு என்று பார்த்து முனையை வைக்கப் போனாள்.

"பயமா இருந்துச்சு" என்றார் டைம்டேபிள்.

"என்ன பயம்?"

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கே சட்டை போட்டுட்டேன். உங்க கடைத்தெரு முனை வரைக்கும் வந்துட்டேன். அங்கேர்ந்து பார்த்தா நீ வாசல்ல நிக்கிற. நிக்கிறதைப் பார்த்ததும் எனக்கு..." நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். அந்த இடத்துக்கு அவரிடம் வார்த்தை இல்லை. "வியாழக்கிழமை மாதிரி இன்னொரு நாள் உன்கூட உட்கார்ந்தேன்னா, அப்புறம் எந்த வண்டியிலயும் எனக்கு ஏறத் தோணாது. அதான் திரும்பிட்டேன். தயவுசெஞ்சு இன்னைக்கே போட்டுடும்மா. நாளைக்குன்னா என்னால போக முடியாது."

முப்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷன் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் காதல் வசனம். அதையும் பையை வாசலில் வைத்துவிட்டு, கிளம்புவதற்கு ஐம்பது நிமிஷம் இருக்கும்போது, விட்டுவிடு என்று கெஞ்சிக்கொண்டே சொல்கிறார். அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முகத்தைப் புறங்கையால் துடைத்தாள். பேனாவை மூடினாள்.

"அப்படின்னா நாளைக்குப் போடுறேன்" என்றாள்.